தம்பியின் ஆட்டிசத்துக்குப் பின்னால் மறைந்திருந்த அக்கா: ஒரு குடும்ப நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் குடும்பம் ஒரு தனிக் குடும்பம் அல்ல. ஒரே மாதிரியான சிக்கலோடு வந்த சில குடும்பங்களின் விவரங்களைக் கோத்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன். அதனால் பெயர்கள் கிடையாது. அக்கா, தம்பி, அம்மா, அப்பா என்ற உறவுமுறைகளே பெயர்களாக இருக்கட்டும். மருத்துவ விவரங்களில் எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

வந்த காரணம்

அக்காவுக்கு வயது 12. தொடக்கப் பள்ளியை முடித்துப் பெரிய பள்ளிக்கு மாறிய சில வாரங்களில் காலை வேளையில் வயிற்றுவலி தொடங்கியது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதிலும் குறை தெரியவில்லை. விடுமுறை நாட்களில் வலி வருவதில்லை என்பதால் சோம்பேறித்தனம், நடிப்பு என்று உறவினர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவளைப் பார்த்த குழந்தை மருத்துவர் அப்படி நினைக்கவில்லை. வலி உண்மையானது, பின்னணியில் பதற்றம் இருக்கலாம் என்று குறிப்பெழுதிக் குழந்தை மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார். எங்களிடம் வரும்போது அவள் ஒரு மாதத்துக்கும் மேலாகப் பள்ளிக்குப் போகவில்லை.

முதல் சந்திப்பில் கண்ணில் பட்டதெல்லாம் நல்லவிதமாகவே இருந்தன. நிமிர்ந்து உட்கார்ந்தாள், கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னாள், புன்னகைத்தாள், முகம் பார்த்துப் பேசினாள். கிளம்பும் நேரத்தில் அம்மா சொன்னார்: "இவளால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்ல டாக்டர். சின்னவனுக்குத்தான் ஆட்டிசம். இவ அவனுக்கு இன்னொரு அம்மா மாதிரி."

இந்த ஆய்வின் முழுச் சிக்கலும் அந்த மூன்று வாக்கியங்களுக்குள் இருக்கிறது. ஆட்டிசம் (பிறரோடு தொடர்புகொள்வதும் புலன்களால் உணர்வதும் சிறு வயதிலிருந்தே வேறு விதமாக அமைவது) என்றால் எப்படியிருக்கும் என்பது அந்த வீட்டுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த அந்த ஒரு வடிவமே மற்ற வடிவங்களைப் பார்க்க விடாமல் செய்தது.

தம்பி: வீடு அறிந்த ஆட்டிசம்

தம்பிக்கு இப்போது வயது 6. அவனைக் கண்டறிந்ததில் தாமதம் அதிகம் இல்லை, அதற்குக் காரணம் அப்பாவின் கவனிப்பு. முதல் பிறந்த நாளைத் தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஆனால் அடுத்த அறையில் பிளாஸ்டிக் உறை கசங்கினால் ஓடி வந்தான். எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை. வேண்டியதை எடுக்கப் பெரியவர்களின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போவான், முகத்தைப் பார்க்க மாட்டான். சொல்லிக்கொண்டிருந்த நாலைந்து சொற்களும் ஒன்றரை வயதுக்குப் பிறகு நின்றுபோயின.

கடைசியாகச் சொன்ன அந்த அறிகுறியை எந்த வயதிலும் காத்திருந்து பார்க்கக் கூடாது. வந்த பேச்சு போனாலும், வந்த சிரிப்பும் கையசைப்பும் போனாலும் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. பெயருக்குத் திரும்பாமை, 12 மாதத்துக்குள் மழலை ஒலியோ சுட்டிக்காட்டலோ இல்லாமை, 16 மாதத்துக்குள் ஒரு சொல்லும் இல்லாமை, 24 மாதத்துக்குள் தானாகச் சேர்த்துப் பேசும் இரு சொற்கள் இல்லாமை ஆகியவையும் இதே வரிசையில் வரும். "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்ற ஆறுதலால் ஒரு குழந்தை இழக்கும் மாதங்கள் திரும்பக் கிடைக்காதவை.

28 மாதத்தில் முதலில் செவித்திறன் பரிசோதனை நடந்தது. அதை முதலில் செய்தே ஆக வேண்டும், கேளாமையும் இதே போலத் தோன்றும். பிறகு ஆட்டிசத்துக்கான வாய்ப்பை அறிய எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட பட்டியல். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. 8 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் மறு கேள்விகளுக்குக் காத்திராமல் முழு மதிப்பீட்டுக்கு அனுப்பிவிடலாம். தம்பிக்கு வந்தது 13. வளர்ச்சி வரலாறு, நேரடிக் கவனிப்பு, பேச்சுப் பயிற்சியாளரின் மதிப்பீடு எல்லாம் ஒரே திசையைக் காட்டின. ஆட்டிசம் என்று உறுதிசெய்யப்பட்டது.

ஆட்டிசமுள்ள ஒரு குழந்தைக்குப் பின் பிறக்கும் உடன்பிறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக, பல நாட்டுக் குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2024-இல் காட்டியது. அதனால் இளையவர்களைக் கவனிக்கச் சொல்வது மருத்துவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஏற்கெனவே வளர்ந்து, நன்றாகப் படித்து, தம்பிக்குச் சட்டை மாட்டிவிடும் அக்காவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தம்பியின் கோப்பில் அவளைப் பற்றி இருந்த ஒரே குறிப்பு: "மூத்த மகள், ஆரோக்கியம்."

அக்காவின் வளர்ச்சி வரலாறு

பிறந்ததிலிருந்து நடந்ததை அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டோம். "சீக்கிரமே பேசிட்டா" என்றார். என்ன பேசினாள் என்று கேட்டதும் கதை மாறியது. கார்ட்டூன் தொடர்களின் வசனங்களை முழுசாக, அதே குரல் ஏற்ற இறக்கத்தோடு சொல்வாள். தண்ணீர் வேண்டுமென்றால்கூட ஒரு கதாபாத்திரம் தண்ணீர் கேட்கும் வசனம்தான் வரும். வீட்டில் எல்லோரும் ரசித்தார்கள். ஒலித்ததைத் திருப்பிச் சொல்லிப் பேச்சைக் கட்டும் இந்த வழி ஆட்டிசமுள்ள குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுவது. தம்பியிடம் பேச்சே இல்லாததால், அக்காவிடம் இருந்த ஏராளமான பேச்சு சந்தேகத்தைக் கிளப்பவே இல்லை.

பொம்மைகளோடு விளையாடுவாளா என்று கேட்டால் "மணிக்கணக்கா" என்று பதில் வந்தது. உண்மையில் அவள் செய்ததெல்லாம் பொம்மைகளுக்கு வீடு அமைப்பதும், அதை அப்படியே வைத்திருப்பதும்தான். பொம்மைகள் ஒன்றோடொன்று பேசியதில்லை. யாராவது ஒரு நாற்காலியை நகர்த்தினால் அழுகை ஓய ஒரு மணி நேரம் ஆகும். சட்டையின் கழுத்துப் பட்டியில் தைத்திருக்கும் துணித் துண்டை ஒவ்வொரு உடையிலும் வெட்டியெடுக்க வேண்டும். மிக்ஸி ஓடும்போது குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பாட்டுத் தட்டில் ஒன்றையொன்று தொடக் கூடாது. இவையெல்லாம் "அவ கொஞ்சம் செல்லம்" என்ற ஒரே விளக்கத்துக்குள் அடங்கிப்போயிருந்தன.

தொடக்கப் பள்ளி முழுவதும் ஒரே தோழி. அந்தத் தோழி எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் இவள், அவள் சிரித்தால் இவளும் சிரிப்பாள். தோழி வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். வயிற்றுவலி தொடங்கிய காலத்தோடு இது பொருந்திப்போவதை அதுவரை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரே ஆசிரியர் கற்பித்த வகுப்பறை போய், மணியடித்தால் அறை மாற வேண்டிய பள்ளி. ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒவ்வொரு விதி. நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகச் சாப்பிடும் இரைச்சலான கூடம்.

ஆசிரியர்கள் எழுதி அனுப்பிய குறிப்புகளில் திரும்பத் திரும்ப வந்தவை அமைதி, ஒழுங்கு, நல்ல நடத்தை. வீட்டில் நடந்ததோ வேறு. பள்ளி விட்டு வந்து செருப்பைக் கழற்றியதும் கத்துவாள், தன் தலையில் தானே அடித்துக்கொள்வாள், பிறகு போர்வைக்குள் போய் இருட்டும் வரை வெளியே வர மாட்டாள். "ஸ்கூல்ல நல்லாத்தான இருக்கா, வீட்லதான் இப்படி, அப்ப வளர்ப்புலதான தப்பு?" என்று அப்பா கேட்டார். பல பெற்றோர் இதே கேள்வியோடு வருகிறார்கள், அவர்களிடம் பள்ளிகளும் இதையே சொல்லி அனுப்புகின்றன. நாள் முழுவதும் அடக்கி வைத்தது பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் உடைகிறது என்பதுதான் பதில். வீட்டில் உடைவது, வீட்டை அவள் நம்புகிறாள் என்பதற்கான சான்று.

பிறகு ஒரு நாள் அவளே ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் மற்றவர்கள் சொல்வது, வலப்பக்கம் அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பது. "புது பேக்கா?" என்றால் "ஆமா, நல்லாருக்கா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். யாராவது அழுதால் "என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசக் கூடாது. எந்தச் சிரிப்பு கிண்டல், எது நட்பு என்பதற்கும் குறிப்புகள். பல பக்கங்களில் அடித்தல் திருத்தல். "சிரிக்க வேண்டிய எடத்துல கரெக்டா சிரிக்கிறேன் டாக்டர். அது எந்த எடம்னு அவங்க முகத்தப் பாத்துட்டே இருக்கணும். அதனால பாடம் காதுல விழாது," என்றாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாக உட்கார்ந்து எழுதிய அந்தக் கையேட்டைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. மற்றவர்களுக்குத் தானாக வரும் ஒன்றை அவள் ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டு வரவழைத்திருக்கிறாள். முதல் சந்திப்பில் நாங்கள் பார்த்த புன்னகையும் அந்த நோட்டிலிருந்து வந்ததே.

மதிப்பீடு

அடாஸ்-2 என்ற நேரடிக் கவனிப்புக் கருவியில், சரளமாகப் பேசும் பிள்ளைகளுக்கான மூன்றாம் பகுதியைப் பயன்படுத்தினோம். மதிப்பெண் வரம்புக்குச் சற்றுக் கீழே நின்றது. மதிப்பெண்ணை மட்டுமே பார்க்கும் இடமாக இருந்தால் கோப்பு அங்கேயே மூடப்பட்டிருக்கும். ஒரு அமைதியான அறையில், ஒரே ஒரு கனிவான பெரியவரோடு, ஒரு மணி நேரத்துக்குள், நன்கு பயிற்சி பெற்ற ஒரு சிறுமி சமாளித்துவிடுவாள். கருவி அளப்பது அந்த அறையில் அவள் செய்து காட்டியதை. அதற்கு அவள் கொடுத்த விலையை அளக்க வேறு இடங்களுக்குப் போக வேண்டும்.

எனவே குழுவின் உளவியலாளர் பள்ளிக்குப் போய், அவள் ஒரு நாள் வர ஒப்புக்கொண்டபோது, இடைவேளையில் தூரத்திலிருந்து கவனித்தார். ஒரு கூட்டத்தின் விளிம்பில் நிற்கிறாள், அவர்கள் திரும்பும் பக்கம் திரும்புகிறாள், யாரும் அவளோடு பேசவில்லை. பார்வைக்கு அவளும் கூட்டத்தில் ஒருத்தி. சிறுவர்கள் தனித்துச் சுற்றிக்கொண்டிருந்தால் ஆசிரியர் கண்ணில் படுவார்கள், சிறுமிகள் இப்படி விளிம்பில் ஒட்டிக்கொண்டு தப்பிவிடுகிறார்கள். அன்று மாலை வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டோம். போர்வைக்குள் போனவள் மறுநாள் மதியம் வரை பேசவில்லை.

அறிவுத்திறன் சோதனையில் சொல்வளம் மிக உயர்வு, செயல்வேகம் சராசரிக்குக் கீழ். அன்றாட வாழ்க்கைத் திறன்கள் அறிவுத்திறனைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தன. பசிக்கிறதா, சிறுநீர் வருகிறதா என்பது கடைசி நிமிடம் வரை தெரிவதில்லை. உடலுக்குள்ளிருந்து வரும் இத்தகைய குறிப்புகளை உணர்வதில் ஆட்டிசமுள்ள பலருக்குச் சிரமம் இருப்பதால், வயிற்றுவலியைப் புரிந்துகொள்ள இந்தத் தகவல் பிறகு மிகவும் உதவியது.

வேறு விளக்கங்களையும் நேர்மையாக எடை போட்டோம். சமூகப் பதற்றம் மட்டும்தானா? அது இருந்தது, ஆனால் அதற்கு மூன்று வயதுப் பிள்ளையின் பொம்மை வீட்டையும் ஒலித் தாங்காமையையும் விளக்க முடியாது. கவனச் சிதறலும் மிகைத் துடிப்பும் கொண்ட ஏடிஎச்டியா? ஒழுங்குபடுத்திக்கொள்வதில் சிரமம் உண்டு, அளவுகோல்களை எட்டவில்லை. 2013-க்கு முன் ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒருவருக்கே சேர்த்துச் சொல்லக் கூடாது என்று மனநல நோயறிதல் கையேடான டிஎஸ்எம் சொன்னது, இன்று இரண்டும் சேர்ந்து வருவது சாதாரணம் என்று தெரியும், ஆகவே ஒன்று இருந்தால் மற்றதைத் தேடுவது கடமை. எண்ணச் சுழல் நோயான ஓசிடியில் சடங்குகள் வேண்டா வெறுப்பாகச் செய்யப்படும், இவளுக்கு அவை ஆறுதல். கேலியோ வன்முறையோ நடந்ததா என்று தனியாகவும் கவனமாகவும் கேட்டோம். நடக்கவில்லை.

அந்தக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பான டிஎஸ்எம்-5-இன்படி சமூகத் தொடர்பில் மூன்று வகைச் சிரமங்களும் (பரிமாறிப் பழகுதல், சைகையும் முகபாவமும், உறவுகளைப் பேணுதல்) இருக்க வேண்டும். ஒருபடித்தான அசைவுகள் அல்லது பேச்சு, மாறாமையை வற்புறுத்தல், ஆழ்ந்த குறுகிய ஈடுபாடு, புலன் உணர்வில் மாறுபாடு ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு வேண்டும். இங்கே நான்குமே வரலாற்றில் இருந்தன. அவள் ஈடுபாடு ஒரு இசைக்குழுவில். அந்த வயதில் யாருக்குத்தான் இல்லை என்று வகுப்பாசிரியர் கேட்டார், நியாயமான கேள்விதான். மற்றப் பிள்ளைகள் அந்தக் குழுவைப் பற்றித் தோழிகளோடு பேசுவார்கள். இவள் ஒவ்வொரு பாடலின் நீளத்தையும் வெளியான தேதியையும் அட்டவணை போட்டிருந்தாள், யாரிடமும் சொன்னதில்லை. என்ன பிடிக்கிறது என்பதை விட எப்படிப் பிடிக்கிறது என்பதே இங்கே தடயம்.

அதே கையேட்டில் பலரும் வேகமாகக் கடந்துபோகும் இன்னொரு வரி உண்டு. அறிகுறிகள் சிறு வயதிலேயே இருந்திருக்க வேண்டும், ஆனால் சூழலின் எதிர்பார்ப்பு திறனை மீறும்வரை முழுமையாக வெளிப்படாமல் இருக்கலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம் என்கிறது அது. அக்காவின் கதை அந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது. ஆட்டிசம், கூடவே பதற்றக் கோளாறு என்று முடிவு செய்தோம்.

ஏன் பெண்களிடம் கண்டறிதல் தவறுகிறது

ஆட்டிசத்தைப் பற்றிக் குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-இல் எழுதியபோது விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் சிறுவர்கள். அதற்கு அடுத்த ஆண்டு குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரிவாக எழுதிய நால்வரும் சிறுவர்களே. அவர்களுக்கு முன்பே, 1925-இல், குருன்யா சுகரேவா என்ற மருத்துவர் மாஸ்கோவில் விவரித்ததும் ஆறு சிறுவர்களைத்தான். கருவிகளும் கையேடுகளும் இந்தச் சித்திரத்தின் மேல் எழுந்தவை. ஆணும் பெண்ணும் நான்குக்கு ஒன்று என்று நெடுங்காலம் சொல்லிவந்தோம். 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுக் கட்டுரை, அது மூன்றுக்கு ஒன்று என்பதற்கு நெருக்கமானது என்றது. ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களை எண்ணாமல் மக்கள் நடுவே நேரடியாகத் தேடிய ஆய்வுகளில் இந்த இடைவெளி குறைந்திருந்தது. தேடினால் கிடைக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

ஆதரவு: முதலில் மாற வேண்டியது சூழல்

முடிவை அக்காவிடம் அவளுக்குப் புரியும்படி, அவள் கேள்வி கேட்க நேரம் விட்டு, நாங்களே சொன்னோம். பிள்ளையிடம் மறைத்துப் பெற்றோரிடம் மட்டும் சொல்லும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. தன்னைப் பற்றி ஏற்கெனவே "நான் கெட்டவ, ஏதோ உடைஞ்சவ" என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அதைவிட உண்மையான பெயர் கிடைப்பது நிம்மதி. அவள் முதலில் கேட்டது: "அப்ப தம்பிக்கும் எனக்கும் இருக்கறது ஒண்ணுதானா?" ஒரே வகை, வேறு வேறு வடிவம் என்றோம். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "அதான் அவன் கத்துறப்ப எனக்கு ஏன்னு தெரியுது" என்றாள்.

பள்ளியை மெல்ல மெல்லப் பழக்கினால் பயம் போய்விடும் என்பது பதற்றத்துக்கான வழக்கமான வழி. ஆட்டிசத்தில் அதை அப்படியே செய்தால் தீங்கு நேரலாம். இரைச்சலான கூடம் அவளுக்கு உண்மையிலேயே வலிக்கிறது, வலிக்கும் இடத்துக்குப் பழக்குவது சிகிச்சை ஆகாது. ஆகவே முதலில் கூடத்தை எடுத்துவிட்டோம். மதிய உணவு நூலகத்தில். சீருடைக்குள் தையல் உறுத்தாத உள்ளாடை. அறை மாறும்போது மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப அனுமதி. வாய்மொழியாகச் சொல்லும் வீட்டுப் பாடம் எழுத்தில். ஆசிரியர் விடுப்பில் போனாலோ தேர்வு மாறினாலோ முந்தைய நாளே தகவல். தொடக்கத்தில் காலையில் இரண்டு வகுப்புகள் மட்டும்.

தேவைப்பட்டால் வெளியே போக ஒரு அட்டை கொடுத்தது பள்ளி. நல்லெண்ணத்தோடு எல்லா இடங்களிலும் தரப்படும் உதவி அது. அவள் அதை ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை. அட்டையைத் தூக்கினால் வகுப்பே திரும்பிப் பார்க்கும், அது இரைச்சலைவிட மோசம். கூடவே, தாங்க முடியாத நிலைக்கு வந்துவிட்டோம் என்பது அவளுக்குத் தெரியவருவதே தாமதமாகத்தான். எனவே குறித்த இரு நேரங்களில் நூலகரிடம் ஏதோ கொடுத்து வரும் வேலை அவளுக்குத் தரப்பட்டது. யாரும் கேட்காத, அவளும் கேட்க வேண்டாத ஓய்வு. அது வேலை செய்தது.

வயிற்றுவலிக்கும் இதே கதை. பத்துக்கு எத்தனை என்று கேட்டால், "எதோட ஒப்பிட்டு?" என்று திருப்பிக் கேட்பாள், அதற்கு எங்களிடம் பதில் இல்லை. உடம்பின் படம் ஒன்றை வரைந்து கை குளிர்ந்திருக்கிறதா, தாடை இறுகியிருக்கிறதா, மூச்சு எங்கே நிற்கிறது என்று அவளே பார்த்துக் குறிக்கும்படி, அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மாற்றினார். சில வாரங்களில் வலி வருவதற்கு முன் தாடை இறுகுவதை அவள் கண்டுபிடித்தாள். பதற்றத்துக்கான, பேசித் தீர்க்கும் உளவியல் சிகிச்சையையும் எழுத்து, படம், தெளிவான விதிகள் என்று அவளுக்கேற்பத் திருத்தினோம். கண்ணைப் பார்த்துப் பேசவும் சாதாரணமாகத் தோன்றவும் பயிற்சி கேட்டார் அப்பா. நாங்கள் மறுத்தோம். அவள் அந்தப் பயிற்சியை ஏற்கெனவே தனக்குத் தானே அளவுக்கு மீறிக் கொடுத்து முடித்திருந்தாள்.

வீட்டுக்குள் ஒரு சிக்கலுக்கு எந்தக் கையேட்டிலும் விடை கிடைக்கவில்லை. தம்பி தன்னை அமைதிப்படுத்த உரக்க முனகுவான். அந்த முனகல்தான் அக்காவின் காதைக் கிழிப்பது. அவனை நிறுத்தச் சொன்னால் அவனுக்குத் துன்பம், பொறுத்துக்கொள்ளச் சொன்னால் அவளுக்கு. ஆட்டிசமுள்ள இருவர் ஒரே வீட்டில் இருந்தால் தேவைகள் இப்படி மோதும், "மூத்தவ நீதான் விட்டுக்கொடுக்கணும்" என்பது தீர்வாகாது. இரைச்சல் தடுக்கும் ஹெட்போன், கதவுள்ள ஒரு மூலை, தம்பி எழும் நேரத்துக்கு முன் அவளுக்கென்று காலை அரை மணி நேரம் என்று ஏற்பாடு செய்தோம். அக்கா "இன்னொரு அம்மா"வாக இருப்பதிலிருந்து விடுவிக்கப்பட்டாள். அம்மாவுக்கு இதுவே எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

தம்பிக்குப் பெற்றோர் வழியாகவே உதவி நடந்துவந்தது. அவனோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பயிற்சியாளரோடு உட்கார்ந்து பார்த்து, அவன் எப்போது தொடர்பு கொள்ள முயல்கிறான் என்று கண்டுகொண்டு பதில் தருவது இதன் அடிப்படை. இந்த முறையை 152 குழந்தைகளிடம் சோதித்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு தொடர்ந்து பார்த்தபோதும் பலன் ஓரளவு நிலைத்திருந்தது 2016-இல் தெரிந்தது. கூடவே படங்களைத் தொட்டால் பேசும் டேப்லெட். டேப்லெட் கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. தொடர்பு கொள்ள ஒரு வழி கிடைத்த பிள்ளையின் ஆவேசம் குறைகிறது, சிலருக்குப் பேச்சும் கூடுகிறது. ஆட்டிசத்தின் அடிப்படையை மாற்றும் மருந்து எதுவும் கிடையாது. தூக்கத்துக்கு மெலடோனின், கடுமையான எரிச்சலுக்கும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதற்கும் ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்றவை மருத்துவரின் மேற்பார்வையில் சிலருக்கு உதவலாம். உடலிலிருந்து உலோகங்களை நீக்கும் கீலேஷன், உயர் அழுத்த ஆக்சிஜன் அறை, சீக்ரெட்டின் என்ற குடல் ஹார்மோன் ஊசி ஆகியவற்றை ஆட்டிசத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் வெளிப்படையாகவே சொல்கிறது. இதில் தயக்கத்துக்கு இடமில்லை.

அம்மா

வளர்ச்சி வரலாற்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்மா அடிக்கடி சொன்ன ஒரு வரி: "இதெல்லாம் எல்லாருக்கும் இருக்கறதுதானே? நானும் சின்ன வயசுல இப்படித்தான்." பிள்ளைகளின் மதிப்பீட்டு அறையில் இந்த வரி மிக அதிகமாகக் கேட்கும். பல சமயம் அதைச் சமாதானமாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டியது அது.

அம்மாவுக்கு வயது 38. இருபதுகளிலிருந்து மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பல மருந்துகள். வேலைகளை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். ஒவ்வொரு வேலையிலும் தொடக்கத்தில் பாராட்டு, பிறகு குழு மாற்றம் அல்லது புதிய மேலாளர், பிறகு சரிவு. கடந்த ஓராண்டில் இன்னொன்று சேர்ந்தது. முன்பு முடிந்தவை முடியவில்லை: சமையல், தொலைபேசி அழைப்பு, குளிப்பது. வெளிச்சமும் சத்தமும் முன்பைவிடத் தாங்கவில்லை. ஆட்டிசச் சோர்வு என்று ஆட்டிசமுள்ள பெரியவர்கள் தாங்களே பெயரிட்டு, 2020-க்குப் பிறகு ஆய்வுகளிலும் இடம்பெற்ற நிலை இது. மனச்சோர்வு என்று எண்ணி இதற்கு "வெளியே போங்க, நாலு பேரோட பழகுங்க" என்று அறிவுரை சொன்னால் நிலை மோசமாகும்.

ஏக்யூ-10 என்ற பத்துக் கேள்விப் பட்டியலில் 6 வந்தாலே மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். அம்மாவுக்கு 8. பட்டியல் ஒரு கதவு மட்டுமே. பெரியவர்களின் மதிப்பீட்டில் பெரும் சிக்கல் சிறுவயது வரலாறு, சொல்ல யாரும் உயிரோடு இல்லாமல் போகலாம். இங்கே அவருடைய அக்கா, பிள்ளைகளுக்குப் பெரியம்மா, தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினார். விருந்தினர் வந்தால் அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, வகுப்பில் யாரோடும் சேராமல் ரயில் கால அட்டவணையை மனப்பாடம் செய்தது, புதுச் செருப்பு போட மறுத்துப் பழையதோடு அலைந்தது எல்லாம் வரிசையாக வந்தன. பெரியவர்கள் பிரிவின் மனநல மருத்துவர் முழு மதிப்பீடு செய்து ஆட்டிசம் என்று உறுதிப்படுத்தினார்.

தற்கொலை எண்ணம் பற்றி அந்த மருத்துவர் நேரடியாகவே கேட்டார். கேட்டே ஆக வேண்டும். பிரிட்டனில் பெரிய வயதில் புதிதாகக் கண்டறியப்பட்ட 374 பேரைப் பற்றிய 2014-ஆம் ஆண்டு ஆய்வில் 66 சதவீதம் பேர் அத்தகைய எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். அம்மாவுக்கும் கடந்த காலத்தில் வந்திருந்தது, அதுவரை யாரும் கேட்காததால் சொன்னதில்லை. எந்த நேரத்தில் யாரை அழைப்பது என்று எழுதி வைத்த பாதுகாப்புத் திட்டம் உதவிகளின் பட்டியலில் முதலில் வந்தது.

"அப்ப ரெண்டு பிள்ளைங்களுக்கும் என்னாலதானா?" என்று அவர் கேட்டார். இந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட கொடுமை உண்டு. அன்பற்ற தாய்மார்களே காரணம் என்ற கோட்பாடு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பல பெண்களை வதைத்தது. 1977-இல் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்த சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும், ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருப்பதையும், மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லாததையும் காட்டினார்கள். மரபுவழிப் பங்கு 80 சதவீதம் அளவில் இருப்பதாக இன்றைய பெரிய ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. வளர்ப்பு காரணமல்ல. தடுப்பூசியும் காரணமல்ல. மரபில் வந்தது என்பதற்கும் குற்றம் என்பதற்கும் தொடர்பில்லை என்று அவரிடம் சொன்னேன். மகளின் முகம் ஏன் மூடிப்போகிறது என்று அந்த வீட்டில் முதலில் புரிந்துகொண்டவரும் அவரே. ஆட்டிசமுள்ளவருக்குப் பிறரைப் புரியவில்லை என்பதோடு நிறுத்தாமல், மற்றவர்களுக்கும் அவர்களைப் புரிவதில்லை, விரிசல் இரு பக்கமும் உண்டு என்று 2012-இல் டேமியன் மில்டன் என்ற, தானும் ஆட்டிசமுள்ள ஆய்வாளர் வாதிட்டார். இந்த வீட்டில் அதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

அவருக்கான உதவி எளிமையாகத் தொடங்கியது. மேலாளரின் கட்டளைகள் மின்னஞ்சலில். விளக்கு நேரடியாக அடிக்காத மேசை. வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்து வேலை. வீட்டில் தொலைபேசி அழைப்புகளையும் பள்ளிக் கூட்டங்களையும் அப்பா எடுத்துக்கொண்டார். அப்பாவுக்கு ஆட்டிசம் இல்லை. ஆனால் பல ஆண்டுகளாக "இவங்க ஏன் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க" என்று தவித்தவர், நேரடியாகவும் முன்கூட்டியும் சொன்னால் மூவருமே கேட்கிறார்கள் என்று கண்டுகொண்டார்.

ஓராண்டுக்குப் பின்

அக்கா பெரும்பாலான நாட்களில் மதியம் வரை பள்ளியில் இருக்கிறாள். முழு நாளுக்கு நகர்த்தப் பள்ளி விரும்புகிறது, நாங்கள் அவசரப்படவில்லை. வயிற்றுவலி தேர்வு வாரங்களில் திரும்புகிறது. இசைக்குழுவின் அட்டவணையைப் பார்க்கக் கேட்ட ஒரு வகுப்புத் தோழியோடு இப்போது செய்திகள் பரிமாறிக்கொள்கிறாள். நோட்டில் புதிய பக்கங்கள் சேர்வது குறைந்திருக்கிறது. வீட்டில் உடையும் மாலைகள் இன்னும் உண்டு, எண்ணிக்கையில் குறைவு.

தம்பி டேப்லெட்டில் மூன்று படங்களைச் சேர்த்துக் கேட்கிறான், வாயால் சில சொற்கள் சொல்கிறான். அம்மாவின் மருந்துகளில் ஒன்று நிறுத்தப்பட்டுள்ளது. இப்போதைய வேலையைத் தொடர்வாரா என்பது இன்னும் முடிவாகவில்லை.

அடுத்த சந்திப்புகளில் பார்க்க வேண்டியவை சில. அக்காவுக்கு மாதவிடாய் தொடங்கியிருக்கிறது. அதன் வலியையும் துணியின் உறுத்தலையும் சமாளிக்க, அவளுக்கேற்ற விளக்கப் படங்களும் மாற்று உள்ளாடைகளும் ஏற்பாடாக வேண்டும். தன் உடலைப் பற்றியும் யாருக்கு எதை மறுக்கலாம் என்பது பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பிறர் மனம் கோணாமல் நடக்கவே பழகியவளுக்கு மறுக்கத் தெரிவது பாதுகாப்பு. தம்பி வளரும்போது வலிப்பு வருகிறதா என்று கவனிக்கும்படி பெற்றோரிடம் சொல்லியிருக்கிறோம். ஆட்டிசமுள்ளவர்களுக்கு, குறிப்பாக அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருந்தால், வலிப்பு நோயின் வாய்ப்பு அதிகம். பெரியம்மாவும் தன் மகனைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். அவருக்கு நேரம் கொடுத்திருக்கிறோம்.